ஈரல் மாற்றிய குழந்தை வீடு திரும்பிய பின்

என் மகள் வயிற்றுப் பேத்திக்கு ஒன்பது மாதமாக இருந்தபோது கல்லீரல் மாற்று ஆபரேஷன் நடந்தது. தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தவள் என் மகளேதான். இருவரும் கரமனையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. விசாரிக்கிற அன்பர்கள் ஆபரேஷனைப் பற்றியே கேட்கிறார்கள்; அதன் பிறகு வீட்டில் நடப்பதை யாரும் கேட்பதில்லை. சொந்த ஊரையும் உறவையும் விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களில் யாருக்கேனும் உதவட்டும் என்று, பட்டறிந்ததை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல. பேத்தியை வளர்க்கும் ஒரு பாட்டி, அவ்வளவே.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தைக்குக் கண் மஞ்சளாக இருந்தபோது, "பச்சைப் பிள்ளைக்கு இது சகஜம், காலை வெயிலில் காட்டு, போய்விடும்" என்று சொன்னவள் நான்தான். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது உண்மை. ஆனால் இரண்டு வாரம் கழிந்தும் மஞ்சள் மாறாமல், மலம் சுண்ணாம்பு போல வெளுத்தும், சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகவும் போனால் அது வேறு விஷயம். ஈரலிலிருந்து பித்தம் வெளியேறும் குழாய்கள் அடைபட்டுப் போகும் நோய் அது. ஜப்பானியரான டாக்டர் மோரியோ கசாய் 1950-களில் இதற்கென ஓர் ஆபரேஷனைக் கண்டுபிடித்தார். பித்தம் குடலுக்கு வர வழி செய்யும் அந்த ஆபரேஷனைக் குழந்தை பிறந்த 60 நாட்களுக்குள் செய்தால் பலன் அதிகம். நாங்கள் போனது மூன்றாம் மாதத்தில். அந்த ஆபரேஷன் கைகொடுக்கவில்லை. ஈரலை மாற்றுவதுதான் வழி என்றார்கள்.

இதுவும் இன்று நேற்று வந்த வித்தை அல்ல. அமெரிக்காவின் டென்வர் நகரில் டாக்டர் தாமஸ் ஸ்டார்சல் 1963-இல் முதன்முதலாக ஈரல் மாற்றிப் பார்த்ததும் இதே நோயுள்ள மூன்று வயதுக் குழந்தைக்குத்தான். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. இந்தியாவில் 1998 நவம்பரில், இரண்டு வயது நிரம்பாத காஞ்சிபுரத்துக் குழந்தை சஞ்சய் கந்தசாமிக்கு டெல்லி அப்போலோ ஆஸ்பத்திரியில் தந்தையின் ஈரல் பகுதி பொருத்தப்பட்டது. அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டராகிவிட்டார்! எங்களுக்குத் தைரியம் தந்தது இந்தச் செய்திதான். நம் கேரளத்திலும் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியில் 2024-இல் ஐந்து வயதுக் குழந்தைக்குத் தாயின் ஈரல் பகுதி பொருத்தப்பட்டது.

இனி வீட்டு நடப்பைச் சொல்கிறேன்.

குழந்தை வீட்டுக்கு வந்தபோது என் மகளுக்கு ஆபரேஷன் ஆகி ஆறு வாரம் நிறையவில்லை. பாரம் தூக்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. தன் ஈரலையே கொடுத்தவள், தன் பிள்ளையைத் தூக்க முடியாது! குழந்தை கை நீட்டி அழும். மகள் சுவரில் சாய்ந்து, கால் நீட்டித் தரையில் உட்காருவாள்; நான் குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைப்பேன். கொடுத்தவருக்கு ஈரல் சில மாதங்களில் ஏறக்குறையப் பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். பெற்ற குழந்தையின் ஈரலும் குழந்தையோடு சேர்ந்து வளரும். ஆனால் அந்த ஆரம்ப வாரங்களில் தாய்க்கும் சேய்க்கும் சேர்த்து வீட்டில் மூன்றாவது கை ஒன்று கட்டாயம் வேண்டும்.

அடுத்தது மருந்து. நம் உடம்பு அந்நியப் பொருளை ஏற்காது. தாயின் ஈரலும் அதற்கு அந்நியம்தான். அதைத் தாக்காமல் உடம்பை அடக்கி வைக்க டாக்ரோலிமஸ் என்ற மருந்தை 12 மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்கிறோம். எங்கள் வீட்டில் காலை எட்டு, இரவு எட்டு. மருந்து குறைந்தால் ஈரலுக்கு ஆபத்து, கூடினால் சிறுநீரகத்துக்குக் கெடுதல். ஆகவே இரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி பார்க்கிறார்கள். அன்று காலை இரத்தம் எடுத்த பிறகுதான் மருந்து. பம்ளிமாஸ் பழம் இந்த மருந்தின் அளவைத் தாறுமாறாக்கிவிடும். நான் ஆசையாக எடுத்து வைத்திருந்த உரை மருந்தையும் மகள் பரண்மேல் ஏற்றிவிட்டாள். டாக்டரைக் கேட்காமல் கஷாயம், லேகியம் எதுவும் கூடாது. எனக்கு முதலில் வருத்தமாகத்தான் இருந்தது.

எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பதால் சாதாரணச் சளியும் குழந்தைக்குப் பெரிய எதிரி. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்கு போன் செய்ய வேண்டும். பார்க்க வருபவர்களைத் தடுப்பதுதான் இதில் கஷ்டம். "பிள்ளைய ஒருதரம் பாத்துட்டுப் போயிருதேன் மதினி" என்று தும்மிக்கொண்டே வாசலில் நிற்பவரிடம் என்ன சொல்வது? கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. ஆற்றுகால் பொங்கலுக்கு எங்கள் தெரு முழுவதும் அடுப்பு மூட்டுவார்கள். அந்தப் புகையும் கூட்டமும் ஆகாது என்று முதல் வருடம் நெடுமங்காட்டில் சம்பந்தி வீட்டில் போய் இருந்தோம். எத்தனையோ ஆண்டுகளில் நான் பொங்கல் வைக்காத வருடம் அதுதான்.

பலர் அறியாத இன்னொன்றும் உண்டு. போலியோ சொட்டு மருந்து, தட்டம்மை ஊசி போன்ற உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பு மருந்துகளை இந்தக் குழந்தைகளுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. கூடப் பிறந்தவர்களுக்குக்கூடச் சொட்டு மருந்துக்குப் பதில் ஊசி போடுவார்களா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். சொட்டு மருந்துக் கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவக்கூடியது.

கூடப் பிறந்தவன் என்றதும் என் பேரன் நினைவு வருகிறது. ஆறு வயது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, "எனக்கும் காய்ச்சல் அடிக்கிது ஆச்சி" என்றான். தொட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அன்றைக்குத்தான் உறைத்தது, அத்தனை மாதமாக அவனை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை என்று. அதன் பிறகு இரவு எட்டு மணிக்குக் கடிகாரம் பார்த்து, "மருந்து நேரமாச்சு!" என்று குரல் கொடுக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்தோம். ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

இன்று பேத்தி ஓடி விளையாடுகிறாள். மருந்தும் இரத்தப் பரிசோதனையும் தொடர்கின்றன. டாக்டர் சொல்லிவிட்டார், பொத்திப் பொத்தி வைக்காதீர்கள், பள்ளிக்கூடம் அனுப்பத் தயாராகுங்கள் என்று.

வாசகர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ அண்டை அயலிலோ பச்சைக் குழந்தைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் மஞ்சள் இருந்தால், மலத்தின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் அன்றைக்கே குழந்தை டாக்டரிடம் ஓடுங்கள். என்னைப் போன்ற பாட்டிமார், "வெயிலில் காட்டு" என்று சொன்னால் கேட்காதீர்கள்.