‘பீப்’ ஒலி மட்டும் போதுமா?

கொல்கத்தா பஸ்களில் போய் வருகிறவர்களுக்கு இது தெரியும். நெரிசலில் பஸ் திரும்பும்போது, கண்டக்டர் படியில் நின்றபடி தகரத்தைப் படபடவென்று தட்டுவார். "ஆஸ்தே, ஆஸ்தே" என்று கூவுவார். டிரைவருக்குத் தெரியாத பக்கத்தை அவர் பார்த்துச் சொல்கிறார். ஆனாலும் நல்ல டிரைவர் தட்டலை மட்டும் நம்புவதில்லை. கண்ணாடியையும் ஒரு முறை பார்த்துக் கொள்கிறார்.

கார்களில் இப்போது அந்த வேலையைக் கருவிகள் செய்கின்றன. 2019 ஜூலை 1-ந் தேதி முதல் இந்தியாவில் தயாராகும் கார்களில் பின்புற ‘சென்சார்’ கட்டாயம். ரிவர்சில் வரும்போது தடை இருந்தால் ‘பீப்’ என்று ஒலிக்கும். விலை கூடிய கார்களில், பக்கத்தில் வரும் வண்டியைக் காட்டும் விளக்கு, தானே பிரேக் போடும் வசதி ஆகியவையும் உண்டு. உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடர் காரில் இவை எதுவும் கிடையாது. கண்ணாடியும் கழுத்தும்தான் டாக்சி டிரைவருக்குத் துணை.

கருவி எங்கே தவறும்?

சென்சார், நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்புகிறது. அது மோதித் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. சுவர் என்றால் எளிதில் சொல்லிவிடும். ஆனால் மெல்லிய கம்பியும், பம்பருக்குக் கீழே தாழ்ந்து கிடக்கும் பொருளும் தப்பிவிடக் கூடும். சேறு படிந்தாலும் கருவி ஏமாறும். படா பஜாரில் இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும் கைவண்டியை நினைத்துப் பாருங்கள். ரோட்டுக் கோட்டைப் பார்த்து எச்சரிக்கும் கேமராவும், கோடு அழிந்த தெருவில் பயன்படாது.

கண்ணாடியும் குறையுள்ளதே

பக்கக் கண்ணாடி வெளிப்புறம் வளைந்தது. அதிக இடத்தைக் காட்டும். ஆனால் பின்னால் வரும் வண்டியைச் சிறிதாக, தொலைவில் இருப்பதுபோல் காட்டும். அதிலும் தெரியாத மூலை ஒன்று உண்டு. ஆகவேதான் தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பது அவசியமாகிறது.

வழக்கு யார் மேல்?

கவனக்குறைவால் உயிர் போனால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். கூண்டில் நிற்கப் போவது டிரைவர்தான், கருவி அல்ல. சம்பளத்துக்குக் கார் ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ்தான் சோறு.

லேக் மார்க்கெட்டில் குனிந்து காய்கறி பொறுக்குகிறவர், பின்னால் வரும் காரைப் பார்ப்பதில்லை. டிரைவர் பார்ப்பார் என்று நம்புகிறார். காரில் ஏறுமுன் ஒரு சுற்று, பிறகு மூன்று கண்ணாடிகள், பிறகு தலையைத் திருப்பி ஒரு பார்வை. ‘பீப்’ ஒலி அதற்குப் பிறகுதான்.