டயர் மாற்றுமுன் எக்ஸெல்லைத் திறங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எக்ஸெல் தொகுப்பை ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு, "இது ஆபீஸ்காரர்களுக்கு, நமக்கு எதற்கு?" என்று மூடிவிடுபவர்கள்தான் அதிகம். வீட்டில் பேட்டரி கார் இருந்தாலோ, வாங்கும் யோசனை இருந்தாலோ அதை மீண்டும் திறந்திடுங்கள். டயர் கடைக்காரரிடம் ஏமாறாமல் இருக்க அந்தக் கட்டங்கள் உதவும்.

எங்கள் ஊர் பரளச்சி. திருச்சுழி தாலுகா, கரிசல் காடு. அங்கே என் மாமா ஒரு சிறிய எலெக்ட்ரிக் எஸ்.யு.வி. வைத்திருக்கிறார். 30 கிலோவாட் மணி பேட்டரி. பொங்கலுக்குப் போனபோது, "மாப்ளே, வண்டி பாக்க ஜீப்பு கணக்கா இருக்கணும். பெரிய வீலும் பட்டன் டயரும் போடப் போறேன். சார்ஜ் ரொம்பவா கொறைஞ்சிரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மதுரைக்குப் போய், ஆஸ்பத்திரி, கடைவீதி என்று சுற்றிவிட்டுத் திரும்பினால் அவர் கணக்கில் தோராயமாக 170 கிலோமீட்டர். நடுவழியில் நின்றால் இருபுறமும் கருவேலங்காடு.

டயர் எப்படி மின்சாரத்தைச் சாப்பிடுகிறது? டயர் உருளும்போது தரையில் படும் பகுதி நசுங்கி, மீண்டும் நிமிர்கிறது. நசுக்கச் செலவான சக்தி முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. ஒரு பகுதி ரப்பருக்குள்ளேயே சூடாகப் போய்விடுகிறது. ஓடி நின்ற வண்டியின் டயரைத் தொட்டுப் பாருங்கள், புரியும். இதற்கு உருளும் தடை என்று பெயர். ஐரோப்பாவில் 2012 முதல் டயரில் இதற்கு லேபிள் ஒட்டுகிறார்கள். 2021ல் மாற்றிய அளவுகளின்படி கார் டயரில் ஏ என்றால் ஒரு டன் எடைக்கு 6.5 கிலோ வரை தடை. டி என்றால் 9.1 முதல் 10.5 வரை, அதற்கு மேல் இ. பட்டன் டயர்கள் பெரும்பாலும் டி, இ பக்கம்தான் நிற்கும்.

இனி கணக்கு. எக்ஸெல் இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும், அது இலவசம். ஏ வரிசையில் பெயர்களையும் பி வரிசையில் எண்களையும் டைப் செய்திடுங்கள். பி1ல் ஆட்களோடு சேர்த்து வண்டியின் எடை, 1700. பி2ல் புவியீர்ப்பு, 9.8. பி3ல் டயரின் தடை, 0.0105 (டன்னுக்கு 10.5 கிலோ என்பதன் இன்னொரு வடிவம்). பி4ல் =பி1*பி2*பி3/3.6 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். (செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும்.) விடை 48.6 என்று வரும். ஒரு கிலோமீட்டருக்கு டயருக்காக மட்டும் செலவாகும் வாட் மணி இது.

பி5ல் காற்றை எதிர்ப்பது, ஏசி, மோட்டாரில் வீணாவது எல்லாவற்றுக்கும் சேர்த்து 100 என்று வைப்போம். இது உதாரண எண்தான். உங்கள் வண்டியின் திரை காட்டும் சராசரிச் செலவிலிருந்து டயர் பங்கைக் கழித்தால் சரியான எண் கிடைக்கும். பி6ல் பேட்டரி, 30000. பி7ல் =பி6/(பி4+பி5). சுமார் 202 கிலோமீட்டர்.

இப்போதுதான் எக்ஸெல்லின் சூட்சுமம். பி1 முதல் பி7 வரை மவுஸால் தேர்ந்தெடுத்து, கீழ் வலது மூலையில் உள்ள சிறு புள்ளியைப் பிடித்து சி வரிசைக்கு இழுங்கள். பார்முலாக்கள் தாமாகவே சி1, சி2 என்று மாறிவிடும். எண்கள் ஒவ்வொன்றாகக் கூடியிருந்தால் பக்கத்தில் தோன்றும் சிறு கட்டத்தில் காப்பி செல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பின் சி3ல் மட்டும் 0.0065 என்று மாற்றுங்கள். ரேஞ்ச் 230க்கு எகிறும்! டயரை மட்டும் மாற்றியதில் 28 கிலோமீட்டர் வித்தியாசம். அவசரத்துக்கு 20 சதவீத சார்ஜ் மிச்சம் வைக்க வேண்டும் என்றால் முதல் டயரில் 161 கிலோமீட்டர்தான் ஓட்டலாம், இரண்டாவதில் 184. மாமாவின் 170 நடுவில் மாட்டிக்கொள்கிறது.

வீல் பெரிதானால்?

2024 டெஸ்லா மாடல் 3 காரின் லாங் ரேஞ்ச் ஆல் வீல் டிரைவ் வகையில் 18 அங்குல வீலுக்கு அமெரிக்க அரசு முறைப்படி கிடைத்த ரேஞ்ச் சுமார் 549 கிலோமீட்டர். 19 அங்குல வீலுக்கு 491. பேட்டரி ஒன்றேதான். வீலின் எடை, அகலம், டயரின் ரப்பர், காற்றைக் கிழிக்கும் வடிவம் எல்லாம் சேர்ந்து இப்படி வாங்கிவிடுகின்றன.

பெரிய டயர் இன்னொரு குழப்பமும் செய்யும். டயரின் பக்கவாட்டில் 215/60 ஆர் 16 என்று இருந்தால் அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 16 அங்குலம். மொத்த விட்டம் 664 மில்லிமீட்டர். இதையே 215/65 ஆர் 16 ஆக்கினால் 686. கிலோமீட்டர் காட்டும் மீட்டருக்கு இது தெரியாது. அது 100 என்று காட்டும்போது வண்டி 103.2 ஓடியிருக்கும். "டயர் மாற்றியதும் ரேஞ்ச் குறைந்துவிட்டது" என்று புலம்புபவர்கள் முதலில் இந்த மூன்று சதவீதத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினும் சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் சேர்ந்த பிளக் இன் ஹைபிரிட் வண்டிகளில் கதை வேறு. அமெரிக்காவில் 2021ல் வந்த ஜீப் ராங்லர் 4எக்ஸ்இ 17 கிலோவாட் மணி பேட்டரியில் 34 கிலோமீட்டர் வாக்கில்தான் ஓடும். எடையை 2500 என்றும், பெட்டி போன்ற அதன் வடிவத்துக்காகப் பி5ஐ 400 என்றும் மாற்றுங்கள். ஏ டயருக்கும் டி டயருக்கும் ஆறு சதவீதம்தான் வித்தியாசம் வரும். இரண்டே கிலோமீட்டர்! அதன் பிறகு பெட்ரோல் பார்த்துக்கொள்ளும். மாமாவின் வண்டிக்கு அந்த வசதி இல்லை.

சரி, முள்?

பட்டன் டயருக்காக மாமா சொன்ன ஒரே நல்ல காரணம் இதுதான். சீமைக்கருவேல முள் சாதாரண டயரைத் துளைத்துவிடும். கனமான பட்டன் டயர் கொஞ்சம் தாங்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் வருடத்தில் எத்தனை நாள் வண்டி காட்டுப் பாதையில் போகிறது? அந்தச் சில நாட்களுக்காக 365 நாளும் மின்சாரத்தைக் கொட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மழை பெய்த கரிசல் மண்ணிலோ எந்த டயரும் ஒன்றுதான். மண் அப்பிக்கொண்டால் பட்டன் இடுக்கெல்லாம் அடைத்து வழுவழு டயராகிவிடும்.

என் ஓட்டு: கம்பெனி கொடுத்த ரிம் அளவிலேயே, உயரமான பக்கச் சுவருள்ள, தடை குறைந்த ரோடு டயர். கூடவே பஞ்சர் கிட்டும் சிறு காற்று பம்பும். ஸ்டெப்னி இல்லாத பேட்டரி கார்கள் நிறைய உண்டு, வாங்கும்போதே டிக்கியைத் திறந்து பாருங்கள். இந்தியாவிலும் 2022 முதல் டயர்களுக்கு பி.இ.இ. ஸ்டார் லேபிள் வருகிறது. பிரிட்ஜில் பார்ப்பீர்களே, அதே நட்சத்திரங்கள்தான். கடையில் கேளுங்கள். பழைய டயரில் உள்ள எடை தாங்கும் எண்ணைவிடக் குறைந்ததை மட்டும் வாங்கிவிடாதீர்கள். பேட்டரி வண்டிகள் கனமானவை.

காற்றழுத்தத்தை ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளபடி, காலையில் வண்டி எடுக்குமுன் பார்க்கவும். மதிய வெயிலில் ஓடி வந்தபின் அளந்தால் கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும், தடை ஏறிவிடும். எக்ஸெல்லில் இன்னொரு ஷீட் திறந்து தேதி, காற்றழுத்தம், ஓடிய தூரம், செலவான சார்ஜ் என்று நான்கு வரிசைகள் போட்டு வையுங்கள். ஒரு மாதம் எழுதினால், பி5ல் நாம் உத்தேசமாக வைத்த 100க்குப் பதில் உங்கள் வண்டியின் சொந்த எண்ணையே போட்டுவிடலாம்.