உச்சியில் ஒரு கணம்

1987-ல் பூர்த்தியான ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் சுமார் 236 அடி உயரம். அதன் முன்னே நின்று, விநாடிக்கு 128 அடி வேகத்தில் ஒரு பந்தை நேர் மேலே எறிவதாக வைத்துக்கொள்வோம். (காற்றின் தடையைச் சற்றே மறந்துவிடுங்கள்!) புவியீர்ப்பு விநாடிதோறும் 32 அடி வேகத்தைப் பறித்துக்கொள்ளும். 96, 64, 32. நான்காம் விநாடி முடிவில் பூஜ்யம். அப்போது பந்து 256 அடி உயரத்தில், கோபுரத்துக்கும் மேலே இருக்கும்.

அக்கணத்தில் வேகவளர்ச்சி, அதாவது வேகம் மாறும் வீதம், எவ்வளவு? என் வகுப்பில் கேட்டால் பாதிப் பிள்ளைகள் "பூஜ்யம்" என்கிறார்கள். அப்படியானால் பந்து திரிசங்குவைப்போல் அங்கேயே தொங்கிவிடாதா? வேகம் அற்ற கணத்திலும் ஈர்ப்பு ஓய்வதில்லை; பறித்த 32 அடியையே இப்போது கீழ்நோக்கிக் கூட்டுகிறது. சித்திரை வீதியில் கல்லை மேலே எறிந்து விளையாடும் சிறுவர்கள், ஏறிய வேகத்தோடேயே அது இறங்கும் என்பதை அறியாமல் அண்ணாந்து நிற்கிறார்கள்.