மூப்பிற்கேற்ற மலைவீடு

நாற்பது ஆண்டு கூடை சுமந்து மலையேறி இறங்கிய ஒரு தாயின் உடலுக்கு எத்தகைய வீடு பொருந்தும்? நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களில் இவ்வினா இன்று பல குடும்பங்களின் முன் நிற்கிறது. வெள்ளையர் காலத்து லயத்தில் ஒரு குடும்பத்தின் பங்கு, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றும் அதன் முன் ஓர் இஸ்தோப்புமே. அங்கிருந்து மக்கள் சிறுகச் சிறுகத் தனிவீடுகளுக்குப் பெயர்கின்றனர். இந்திய உதவியோடு மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கென 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே 12 அன்று நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. அந்த 4,000 வீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு வீடும் 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி. இரண்டு படுக்கையறை, சமையலறை, வீட்டினுள்ளேயே கழிவறை. இது பெரும்பேறு. ஆயினும் வரைபடம் எல்லாக் குடும்பத்துக்கும் ஒன்றே. அப்பாயியின் உடலுக்கு அதை இசைவிப்பது வீட்டார் கடமை. அதற்கு மூப்பின் இயல்பை அறிதல் வேண்டும்.

முதற்பகை குளிர். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. தை, மாசி விடியலில் அங்கே வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது வழமை. சில நாள் புல்நுனியில் உறைபனியே படியும். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டல், குளிர்ப்பகுதி வீடுகளின் உள்வெப்பம் 18 பாகையேனும் இருக்க வேண்டும் என்றும், முதியோர்க்கு அதனினும் மிகுதி வேண்டியிருக்கலாம் என்றும் கூறுகிறது. காரணம் உடலிலேயே உள்ளது. தசை குறையக் குறைய உடல் ஈட்டும் வெப்பமும் குறைகிறது. குளிர் பட்டதும் சுருங்கி வெப்பத்தைக் காக்க வேண்டிய தோற்குருதிக் குழாய்கள் காலந்தாழ்த்தியே சுருங்குகின்றன. குளிர்கிறது என்னும் உணர்வும் மங்குகிறது. ஆகவே “எனக்குக் குளிரவில்லை ஐயா” என்று பாட்டி சொல்வதை நம்பிப் போர்வையை மடித்து வைத்துவிடக் கூடாது.

தகரக் கூரை இரவில் தன் வெப்பத்தைத் தெளிந்த வானை நோக்கிக் கதிர்வீசலால் இழந்து, சூழவுள்ள காற்றினும் குளிர்ந்துவிடும். உறங்குவோர் மூச்சிலிருந்து எழும் நீராவி அத்தகரத்தின் அடிப்புறத்தைத் தொட்டதும் ஒடுங்கித் துளியாகும். விடியலில் அண்ணாந்து பார்த்தால், வரிவரியாகத் தொங்கும் அத்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கம்பளி மேல் சொட்டுவதைக் காணலாம். மழை ஒழுக்கென்று எண்ணி ஆணித்துளைகளை அடைப்பதால் இது நிற்காது. கூரைக்கும் அறைக்கும் இடையே சீலிங் அடித்து, நடுவில் காற்றுப்படை ஒன்றை நிறுத்துவதே மருந்து. முழு வீட்டிற்கும் பணம் போதாதெனில், முதியவர் உறங்கும் அறைக்கு மட்டுமாவது அடிக்கலாம். கட்டிலையும் வெளிச்சுவரை ஒட்டிப் போடாது ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும்.

குளிர் காய்வதற்கென்று தேயிலை மிலாறு எரித்த தணலைச் சட்டியில் அள்ளி, கதவடைத்த அறைக்குள் வைக்கும் வழக்கம் உண்டு. இதனை நான் உறுதியாக மறுக்கிறேன். தணல் வெளியிடும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. குருதியின் ஈமோகுளோபினை அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மிகுதியாகப் பற்றிக்கொள்ளும். உறங்குபவர் விழிக்காமலே போகலாம். சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் காலடியில் வைப்பது போதும்.

அடுத்தது, நள்ளிரவில் கட்டிலிலிருந்து கழிவறைக்குச் செல்லும் அந்தப் பத்தடி நடை. வெளியே மழையில் பொதுக் கழிவறைக்குப் போன காலம் கழிந்தது உண்மையே. எனினும் விழுவதற்கு வீட்டினுள்ளும் இடம் உண்டு. அறுபது வயதில் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதில் அடைந்ததில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. பாவை சிறுத்து, கண்வில்லை மஞ்சளித்துவிடுகிறது. படுத்தவர் சட்டென எழும்போது குருதி கால்களுக்கு இறங்கித் தலை சுற்றுகிறது. எனவே எழுந்ததும் கட்டில் விளிம்பில் சற்று அமர்ந்திருக்க வேண்டும். அமர்ந்தபடியே பாதம் முழுதும் தரையில் படியுமளவுக்குக் கட்டில் தாழ்வாயிருத்தல் வேண்டும். கையெட்டும் தொலைவில் விளக்கின் சுவிட்ச், கழிவறை வரை சுவரில் பிடிகம்பி, சொரசொரப்பாக முடித்த சீமெந்துத் தரை ஆகியன வேண்டும். சரிவில் பாரம் சுமந்து தேய்ந்த முழங்கால் குந்தி எழ மறுக்கும். ஆதலால், வேறு எதை ஒத்திப்போட்டாலும், கொமட் வைப்பதை ஒத்திப்போடலாகாது.

இவை யாவும் நிலம் அசையாதிருந்தாலன்றிப் பயனற்றவை. 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டம் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அபாய எச்சரிக்கையோ பல ஆண்டுகள் முன்னரே விடப்பட்டிருந்தது. மழைநீர் மண்ணுள் ஊறி நிறையும்போது, மணிகளுக்கிடையே நீரழுத்தம் உயர்ந்து, அவற்றைப் பிணைத்து நிறுத்தும் உராய்வு குறைகிறது. சுவரிலும் நிலத்திலும் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் பீலித்தண்ணீர் ஆகியவை மண்சரிவின் முன்னறிகுறிகள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழையை விழிப்புக்கும், 100ஐ எச்சரிக்கைக்கும், 150ஐ வெளியேற்றத்துக்கும் அளவாகக் கொள்கிறது. இளையோர் மூன்றாம் அளவுவரை பொறுத்திருக்கலாம். நடை தளர்ந்தவர் இருக்கும் வீடு இரண்டாம் அளவிலேயே, பகல் வெளிச்சம் இருக்கையிலேயே புறப்பட வேண்டும் என்பேன். மாத்திரை, மூக்குக்கண்ணாடி, கிளினிக் கொப்பி, அடையாள அட்டை ஆகியவை ஒரே பையில் கதவருகே தொங்கட்டும். படிக்கட்டுப் பாதையில் நாற்காலியோடு அவரைத் தூக்கிச் செல்லப்போகும் இருவர் யார் யார் என்பதையும் பருவமழைக்கு முன்பே வீட்டில் பேசி முடிவுசெய்துவிட வேண்டும்.