இலை விட்டுவிடும் ஒளி

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை செல்லும் சாலையில் உத்தனப்பள்ளியை ஒட்டிய ஊர்களில், கேழ்வரகு விளைந்த மேட்டு நிலங்கள் ஒருபுறம் கைபேசி உதிரிபாக ஆலைகளாகவும் மறுபுறம் ரோஜாவும் குடைமிளகாயும் வளரும் பசுமைக்குடில்களாகவும் மாறிவர, இவற்றுக்கு இடையே தக்காளியும் முட்டைக்கோசும் இன்னும் திறந்தவெளியில் விளைந்துகொண்டிருக்கின்றன. இந்தப் பயிர்கள் அனைத்தின் விளைச்சலும், வெயிலை இலை எந்த அளவுக்குச் சர்க்கரையாக மாற்றுகிறது என்பதைப் பொறுத்ததே ஆயினும், அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும் இலை பாதி வேலையை நிறுத்தியிருக்கலாம், இலை மஞ்சளித்த பிறகு தெரியவரும் கோளாறு பல நாட்களுக்கு முன்பே தொடங்கியிருக்கலாம். இலையைக் கிள்ளாமல், செடியைப் பிடுங்காமல் அந்த உழைப்பை மதிப்பிடுவதற்கு உலகெங்கும் பெரிதும் கையாளப்படும் முறை, பச்சையம் வெளிவிடும் மங்கலான சிவப்பு ஒளியை அளப்பதாகும். ஆய்வாளர் குளோரோஃபில் ஃபுளோரசன்ஸ் என்று குறிப்பிடும் இதனைப் பச்சைய ஒளிர்வு எனலாம்.

பச்சையம் உறிஞ்சிக்கொண்ட ஒளிக்கு மூன்று போக்கிடங்களே உண்டு. அது எலக்ட்ரான்களை நகர்த்தி ஒளிச்சேர்க்கையை நடத்தலாம், வெப்பமாகச் சிதறிப்போகலாம், அல்லது உள்ளே வந்ததைவிடச் சற்று நீண்ட அலைநீளமுள்ள சிவப்பு ஒளியாக மீண்டும் வெளியேறலாம். உயிருள்ள இலையில் இந்த மூன்றாம் பங்கு உறிஞ்சிய ஒளியில் ஒன்று இரண்டு விழுக்காடே என்றாலும், மற்ற இரண்டோடும் அது ஓயாமல் பங்கு போட்டுக்கொண்டிருப்பதால், வயலுக்குப் போகும் மடை அடைபட்டால் வாய்க்கால் வழிந்து உடைப்பைக் காட்டுவதுபோல, ஒளிச்சேர்க்கையின் வழி அடைபடும்போது ஒளிர்வு உயர்ந்து அதைக் காட்டிக்கொடுக்கிறது. வெளியேறும் இந்த ஒளி 685 நானோமீட்டர், 740 நானோமீட்டர் ஆகிய அலைநீளங்களை ஒட்டி உச்சம் கொள்கிறது. முன்னது அடர்சிவப்பு, பின்னது மனிதக் கண்ணின் எல்லையைக் கடந்து அகச்சிவப்பை நெருங்கியது.

இலையிலிருந்து பிரித்தெடுத்த பச்சையத்தில் எலக்ட்ரானை நகர்த்தும் அமைப்பு இல்லாமையால் இந்த ஒளிர்வு பன்மடங்கு பெருகுகிறது. கீரையைச் சாராயத்தில் ஊறவைத்து வடித்த பச்சைச் சாற்றைக் கள்ள நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தால், அது இரத்தச் சிவப்பாக மின்னுவதை எவரும் காணலாம். இத்தகைய சாற்றின் வழியே வெயில் கற்றையைச் செலுத்தி, அதன் பாதை சிவந்து தெரிந்ததை 1834-இல் பதிவுசெய்தவர் ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர். உறிஞ்சிய ஒளி வேறு நிறத்தில் திரும்புவதே இதற்குக் காரணம் என்று 1852-இல் விளக்கி, இந்நிகழ்வுக்கு இன்று வழங்கும் பெயரைச் சூட்டியவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ்.

ஆயினும் இந்தச் சிவப்பு ஒளிக்கும் இலையின் வேலைக்கும் உள்ள உறவு வெளிப்பட மேலும் எண்பது ஆண்டுகள் ஆயின. 1931-இல் ஜெர்மனியின் ஹான்ஸ் கௌட்ஸ்கி, ஹிர்ஷ் என்னும் உடனாய்வாளரோடு சேர்ந்து, இருட்டில் வைத்திருந்த இலையின் மீது திடீரென ஒளியைப் பாய்ச்சி, அதன் சிவப்பு ஒளிர்வு சட்டென்று எழுந்து பின்னர்ச் சில நிமிடங்களில் படிப்படியாகத் தணிவதை வடிகண்ணாடி வழியே வெறும் கண்ணாலேயே பார்த்தார். கௌட்ஸ்கி விளைவு என்று பெயர்பெற்ற இதன் பொருளை, நெதர்லாந்தின் லைடன் நகரில் பாசிகளைக்கொண்டு ஆய்ந்த லூயிஸ் டய்சன்ஸும் ஸ்வீர்ஸும் 1963-இல் தெளிவுபடுத்தினர். இரண்டாம் ஒளித்தொகுப்பு எனப்படும் புரத அமைப்பு நீரைப் பிளந்து ஆக்ஸிஜனை வெளியேற்றி எலக்ட்ரானைப் பெறுகிறது. அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் மூலக்கூறு காலியாக இருக்கும்வரை ஒளிர்வு அடங்கியிருக்கிறது, அது நிரம்பி அடுத்ததற்குக் கைமாற்ற இயலாமல் நிற்கும்போது ஒளிர்வு பொங்கி எழுகிறது. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்த இலையில் கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் நொதிகள் விழித்துக்கொள்ள நேரமாவதால், முதலில் எலக்ட்ரான்கள் தேங்குகின்றன, பின்னர் வடிகின்றன.

இத்துறையின் வரலாற்றில் இந்தியர் பங்கு குறைந்ததன்று. அலகாபாத்தில் பிறந்து அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கோவிந்த்ஜி, பச்சைய ஒளிர்வைப் பற்றி உலக ஆய்வாளர் அனைவரும் எடுத்துப் பார்க்கும் நூல்களையும் கட்டுரைகளையும் தந்தவர். அவரிடம் பயின்ற பிரசன்ன மோகந்தி, டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இத்துறையை வளர்த்தார். தமிழகத்தில் இதற்கு வேர் பிடித்த இடம் மதுரை காமராசர் பல்கலைக்கழகமாகும். பின்னாளில் சென்னை, புதுச்சேரிப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தராக விளங்கிய ஞானம் அங்கே ஒளிச்சேர்க்கை ஆய்வுக் குழுவை உருவாக்க, அங்கிருந்து குழந்தைவேலு, ஹென்றி டேனியல் ஆகிய இருவரும் 1980-இல் ‘ஃபிசியாலஜியா பிளாண்டாரம்’ என்னும் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, எளிமையால் தனித்து நிற்கிறது.

அவர்கள் கையில் எடுத்தது ஒரு களைக்கொல்லி. கரும்பு, பருத்தி முதலிய பயிர்களில் டையூரான் என்ற பெயரில் தெளிக்கப்படும் அந்த மருந்து, ஆய்வகத்தில் டிசிஎம்யூ எனப்படுவது, இரண்டாம் ஒளித்தொகுப்பில் எலக்ட்ரான் கைமாறும் இடத்தில் போய் அமர்ந்துகொள்வதால், நகர்வு அத்தனையும் அங்கேயே நின்றுபோகிறது. களை சாவதும் இதனாலேயே. நகர்வு நின்றதும் ஒளிர்வு உச்சத்துக்கு ஏறும் என்பது முன்பே தெரிந்த செய்திதான். ஆனால் மருந்து படுவதற்கு முன் இருந்த ஒளிர்வுக்கும் பட்ட பின் ஏறிய ஒளிர்வுக்கும் உள்ள வேறுபாடு, அதுவரை எவ்வளவு எலக்ட்ரான் தடையின்றி ஓடிக்கொண்டிருந்தது என்பதன் அளவாகத்தானே இருக்க வேண்டும்? நலிந்த இலையில் தடுப்பதற்கு ஓட்டமே இல்லாதபோது மருந்தால் ஏறக்கூடியதும் சிறிதாகவே இருக்கும். இந்த ஏற்றம் ஆக்ஸிஜன் வெளியேறும் அளவைக் காட்டும் குறியீடாகும் என்று முழு இலையிலும், பிரித்தெடுத்த பசுங்கணிகத்திலும், பாசியிலும் அவர்கள் காட்டினர். ஆக்ஸிஜனை நேராக அளப்பதற்கு மின்முனையும் மூடிய கலமும் கலக்கியும் தேவைப்பட்ட காலத்தில், ஒரு விளக்கையும் வடிகண்ணாடியையும் ஒளியுணரியையும் கொண்டு அந்த விடையை நெருங்கலாம் என்பது சிறிய செய்தியன்று. டேனியல் பின்னர் அமெரிக்கா சென்று, பசுங்கணிகத்துக்குள் மரபணுவைச் செலுத்தி மருந்துப் புரதங்களை விளைவிக்கும் ஆய்வில் பெயர்பெற்றார் என்பதால், அவருடைய மதுரைக் காலத்து இக்கட்டுரை தமிழ் வாசகர் கண்ணில் அதிகம் பட்டதில்லை.

நஞ்சு எதையும் தெளிக்காமலே அதே தடையை ஏற்படுத்தும் வழி விரைவில் வந்தது. நண்பகல் வெயிலையும் விஞ்சும் வலிய ஒளியை ஒரு நொடியளவு இலைமீது பாய்ச்சினால், எலக்ட்ரானை வாங்கும் மூலக்கூறுகள் அனைத்தும் ஒரே நேரத்தில் நிரம்பி, ஒளிர்வு தன் உச்சத்தைத் தொட்டுத் திரும்புகிறது, இலைக்குக் கேடில்லை. ஜெர்மனியின் உல்ரிச் ஷ்ரைபர் 1980-களின் நடுவில் உருவாக்கிய கருவி, தன் அளவிடும் ஒளியை விட்டுவிட்டுத் துடிக்கச் செய்து, அந்தத் துடிப்போடு ஒத்துவரும் ஒளிர்வை மட்டும் பொறுக்கி எடுத்தமையால், அதுவரை இருட்டறையில் மட்டுமே நடந்த இந்த அளவீட்டை வெயிலிலும் செய்ய முடிந்தது.

கருவி தரும் எண்களில் பெரிதும் வழங்குவது ஒன்றே. இலையை ஒரு சிறு கவ்வியால் மூடி இருபது முப்பது நிமிடம் இருட்டில் வைத்த பின், மிக மெல்லிய ஒளியில் அதன் சிறும ஒளிர்வையும், வலிய துடிப்பில் பெரும ஒளிர்வையும் அளந்து, இரண்டின் வேறுபாட்டைப் பெரும ஒளிர்வால் வகுக்கின்றனர். சிறுமம் 170, பெருமம் 1000 என்றால் விடை 0.83. பல்வேறு தாவர இனங்களை 1987-இல் அளந்த ஒல்லே பியோர்க்மனும் பார்பரா டெம்மிக்கும், நலமான இலை எந்த இனத்ததாயினும் இந்த எண் வியப்பூட்டும் வகையில் 0.83-ஐ ஒட்டியே நிற்பதைக் கண்டனர். இது இருட்டில் எடுத்த எண்; வெயிலில் வேலை செய்துகொண்டிருக்கும் இலையின் திறனை அதே துடிப்பு முறையில் கணக்கிடும் வழியை, பெர்னார் ஜென்ட்டியும் உடனாய்வாளர்களும் 1989-இல் வகுத்தனர்.

உத்தனப்பள்ளி வட்டாரத்துக்கு இந்த எண் எதைச் சொல்லும் என்று பார்க்கலாம். இங்கே விளையும் ‘தாஜ்மகால்’ சிவப்பு ரோஜா பிப்ரவரி 14-ஆம் நாள் சந்தையைக் குறிவைத்துக் கவாத்து செய்யப்படுவதால், அதன் இளந்தளிர்கள் வளர்வது ஓசூர் மேட்டுநிலத்தின் மிகக் குளிர்ந்த வாரங்களில்தான். குளிர், சர்க்கரையைக் கட்டும் நொதிகளை மெதுவாக்குகிறதே தவிர, ஒளியை உறிஞ்சும் பச்சையத்தை மெதுவாக்குவதில்லை. ஆகையால் குளிர்ந்த விடியலுக்குப் பின் மேகமற்ற வெயில் சட்டென்று விழுந்தால், செலவிட வழியின்றிச் சேரும் ஆற்றல் இரண்டாம் ஒளித்தொகுப்பின் மையப் புரதத்தைச் சிதைக்கத் தொடங்குகிறது. செல் அப்புரதத்தை இடைவிடாமல் புதுப்பித்துக்கொண்டே இருப்பதால், சிதைவு புதுப்பிப்பை முந்தும்போதுதான் 0.83 கீழிறங்குகிறது. குளிர்நாட்டு மரபினதாகிய ரோஜா இதைப் பெரும்பாலும் தாங்கிவிடும், தக்காளியோ குளிருக்கு மிகவும் அஞ்சும் பயிர். கோடையில் நிலைமை மாறி, நண்பகலில் இலை தானே முந்திக்கொண்டு ஸாந்தோஃபில் என்னும் மஞ்சள் நிறமிகளை மாற்றியமைத்து, மிகையான ஒளியை வெப்பமாகச் சிதறவிடுகிறது. பகலில் இறங்கிய எண் மாலைக்குள் ஏறிவிட்டால் அது இந்தத் தற்காப்பு, மறுநாள் விடியலிலும் ஏறாவிட்டால் அது காயம். பசுமைக்குடிலின் நிழல்வலையை எந்த நேரத்தில் இழுப்பது என்று முடிவுசெய்ய, வழக்கத்தைவிட இந்த வேறுபாடு நல்ல வழிகாட்டி.

ஆனால் இந்த எண்ணிடம் அது அறியாததைக் கேட்கக் கூடாது. தண்ணீர் குறைந்த தக்காளிச் செடி முதலில் செய்வது இலைத்துளைகளை மூடிக்கொள்வது. கரியமில வாயு உள்ளே வருவது குறைந்து விளைச்சல் பாதிக்கப்பட்ட பின்னும் இரண்டாம் ஒளித்தொகுப்பு நெடுநேரம் குலையாமல் நிற்பதால், வாடத் தொடங்கிய செடியும் 0.8-க்கு மேல் காட்டக்கூடும். ஆகவே இக்கருவியைக் கொண்டு பாசன நேரத்தை முடிவுசெய்ய நினைப்பவர் ஏமாறவே வாய்ப்பு மிகுதி. சாம்பல் நோயா, சிலந்திப்பேனா, சத்துக்குறைவா என்பதையும் இந்த ஒற்றை எண் பிரித்துச் சொல்லாது. ஒளிர்வு முதல் நொடிக்குள் ஏறும் வளைவின் ஒவ்வொரு வளைவுநெளிவையும் படித்து நோயைக் கண்டுபிடிக்கலாம் என்று சில விளம்பரங்கள் தரும் உறுதியை, வளைவு வேறுபடுவது உண்மை, காரணம் வேறு சான்றுகளால் உறுதிப்பட வேண்டும் என்ற அளவுக்கே ஏற்கலாம். கருவியின் உள்ளே இருப்பவை ஒளி உமிழும் டையோடு, வடிகண்ணாடி, ஒளியுணரி, சிறு கணிப்பான் ஆகியவையே. மின்னணு ஆலைகள் சூழ்ந்த இவ்வட்டாரத்துக்கு இவை புதியவை அல்ல. எனினும் ஆய்வகங்களில் பெயர்பெற்றவற்றுள் பல இன்றும் ஜெர்மானிய, ஆங்கிலேய, செக் நாட்டுக் கருவிகள்.

நிலத்தைவிட நீரில் இம்முறை இன்னும் எளிதாகப் பயன்படுகிறது, ஏனெனில் பாசிகளை ஒவ்வொன்றாகக் கவ்வியில் பிடிக்க வேண்டியதில்லை. நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவுகளைச் சுமந்து ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வருவதும், அங்கே வெண்ணுரை பொங்குவதும் செய்திகளில் அடிக்கடி இடம்பெறுவன. நுரைக்குச் சோப்புப் பொருட்கள் காரணமென்றால், அதே கழிவிலுள்ள பாஸ்பரசும் நைட்ரஜனும் பாசி பெருகுவதற்கு உரமாகின்றன. இத்தகைய நீரில் ஒளிர்வுமானியை இறக்கினால், மாதிரியைப் புட்டியில் அடைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்லாமலே பாசியின் அளவு உடனுக்குடன் தெரியும். எனினும் இங்கே ஒரு பொறி இருக்கிறது. நச்சுப்பொருள் சுரக்கக்கூடிய நீலப்பச்சைப் பாசியில் பச்சையத்தின் பெரும்பகுதி, ஒளிர்வு மிகக் குறைந்த முதலாம் ஒளித்தொகுப்பைச் சேர்ந்தது. வழக்கமான நீல ஒளியால் தூண்டும் கருவி இதனால் அஞ்சத்தக்க பாசியையே குறைத்துக் காட்டும். அதன் நீல நிறமியாகிய ஃபைக்கோசயனினைத் தூண்டும் ஆரஞ்சு ஒளியும் சேர்ந்திருந்தால்தான் அளவு நம்பத்தக்கது. நண்பகலில் எடுத்த அளவும் தற்காப்பால் அடங்கியிருக்கும் என்பதால், இரவில் எடுப்பதே சரியானது.

கடலில் இந்த ஒளிர்வு விண்ணிலிருந்தும் படிக்கப்படுகிறது. நாசாவின் செயற்கைக்கோள் தரவுகளைக்கொண்டு மைக்கேல் பெஹ்ரன்ஃபெல்டும் குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, இரும்புச்சத்துக் குறைந்த நீரில் மிதவைப் பாசிகள் அளவுக்கு மீறி ஒளிர்வதைக் காட்டியது. பருவக்காற்றுக் காலத்தில் இந்தியப் பெருங்கடலின் சில பகுதிகள் அவ்வாறு ஒளிர்ந்தது எதிர்பாராத செய்தியாக இருந்தது. நிலத்துப் பயிர்களின் ஒளிர்வை, சூரிய நிறமாலையில் இயல்பாகவே கறுத்திருக்கும் மெல்லிய கோடுகளில் தேடி எடுக்கும் முறை 2011-இல் ஜப்பானியச் செயற்கைக்கோளின் தரவுகளால் கைகூடியது.

இதற்கென்றே ஐரோப்பிய விண்வெளி அமைப்பு திட்டமிட்டுள்ள ஃபிளெக்ஸ் செயற்கைக்கோள் ஏறத்தாழ 300 மீட்டர் சதுரத்தை ஒரு புள்ளியாகக் காணும். அந்தப் புள்ளி ஒன்றின் பரப்பு சுமார் 22 ஏக்கர். ஒன்றிரண்டு ஏக்கர் துண்டுகளாகக் கேழ்வரகும் தக்காளியும் மாவும் பசுமைக்குடிலின் பிளாஸ்டிக் கூரையும் நெருங்கிக் கிடக்கும் உத்தனப்பள்ளியில் இவையத்தனையும் அந்த ஒரே புள்ளிக்குள் கலந்துவிடும் என்பதால், இங்குள்ள ஒரு தோட்டத்தின் நிலையை அறிய இலையில் மாட்டும் கவ்வியும் அரை மணி நேர இருட்டும்தான் இப்போதைக்கு வழி.