புழல் கோட்டத்து அம்பத்தூர் நாடு

அம்பத்தூர் என்பது ஓர் ஊரின் பெயர் மட்டுமன்று. சோழர் காலத்தில் ஒரு நிர்வாகப் பிரிவின் பெயரும் அதுவே. ஊர்கள் சில சேர்ந்தது நாடு. நாடுகள் சில சேர்ந்தது கோட்டம். தொண்டை மண்டலத்தில் 24 கோட்டங்கள் இருந்தன என்பது மரபு. இப்பகுதி புழல் கோட்டத்தில் அமைந்தது. தெற்கே குன்றத்தூர் புலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது. பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் ஊர் அது.

கோட்டம் என்ற பிரிவு சோழருக்கு முந்தையது. பல்லவர் காலத்திலேயே வழக்கில் இருந்தது. குறும்பர்கள் 24 கோட்டைகள் கட்டி, புழலைத் தலைமையிடமாகக் கொண்டு ஆண்டனர் என்று செவிவழிக் கதை ஒன்றும் உண்டு. சோழர்கள் தொண்டை மண்டலத்துக்கு 'ஜெயங்கொண்ட சோழமண்டலம்' என்று பெயர் மாற்றினர்; ஆனால் கோட்டங்களைக் கலைக்கவில்லை.

கோயிலுக்கு நிலமோ விளக்கோ கொடுத்தவர், மண்டலம், கோட்டம், நாடு, ஊர் என்ற வரிசையில் இடத்தைக் கல்லில் வெட்டினார். அன்றைய முகவரி இதுதான். நாட்டின் பொதுக் காரியங்களைப் பார்த்தவர்கள் 'நாட்டார்'.

பின்னாளில் கோட்டம், நாடு ஆகியவற்றின் இடத்தில் தாலுகாவும் பிர்க்காவும் வந்தன. திருவள்ளூர் மாவட்டத்திலிருந்த அம்பத்தூர் வட்டம் 2018இல் சென்னை மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டது.