ஏற்றது வேறு, முடிந்தது வேறு

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெரு, 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசன் உருவாக்கியதாகும். தமிழ் வணிகர் பலர் தலைமுறைகளாக இங்குக் கடை நடத்துகின்றனர். பேரேட்டில் மட்டுமே பதிவான விற்பனைத் தொகை, இன்று கியூஆர் குறியீட்டின் வழியே நேராக வங்கிக் கணக்கையும் அடைகின்றது.

2023 ஆகஸ்டில் மட்டும் நாடெங்கும் யுபிஐ வழியே 1,000 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நிகழ்ந்தன. ஒவ்வொன்றிலும் வாங்கியவர் கணக்கின் பற்றும் விற்றவர் கணக்கின் வரவும் பொருந்த வேண்டும். இத்தகைய பெருந்தொகைப் பதிவுகளை ஒரே கணினியால் உரிய நேரத்தில் ஒத்துப் பார்க்க இயலாது.

சாலையில் சரக்கு லாரி வந்து நின்றால், மூட்டைகளைச் சுமைத் தொழிலாளர் பலர் பகிர்ந்து இறக்குவர். ஒருவர் நின்று எண்ணிக்கை பார்ப்பார். கணினிகளிலும் இம்முறையே கையாளப்படுகின்றது. ஒன்றாக இணைந்து உழைக்கும் கணினிக் கூட்டத்தைக் ‘கிளஸ்டர்’ என்பர். அதில் வேலையைப் பகிர்ந்தளிக்கும் மென்பொருள்களுள் ஒன்று, 2009இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்ற ‘ஸ்பார்க்’.

இவ்வேலையை ஒவ்வொரு முறையும் ஊழியர் ஒருவர் அமர்ந்து தொடங்கி வைக்க வேண்டுவதில்லை. ஒரு மென்பொருளே தன் நிரலிலிருந்து அதனைத் தொடங்கலாம். இதற்கென ஸ்பார்க்கில் ‘லாஞ்சர்’ என்னும் வசதி உண்டு. எந்த நிரல் இயங்க வேண்டும், எவ்வளவு நினைவகம் வேண்டும் என்பன போன்ற விவரங்களை அதனிடம் அளித்தால், அது வேலையைக் கிளஸ்டரிடம் ஒப்படைக்கும்.

நாம் கருத்திற் கொள்ள வேண்டியது இங்கேதான் உள்ளது. வேலை ஒப்படைக்கப்பட்டதனாலேயே முடிந்துவிட்டதாகாது. ‘ஒப்படைக்கப்பட்டது’, ‘நடைபெறுகின்றது’, ‘முடிந்தது’, ‘தோல்வியுற்றது’ என அதன் நிலை மாறிக்கொண்டேயிருக்கும். தொடங்கிய மென்பொருள் அந்நிலையை இறுதிவரை கவனித்தல் வேண்டும். இடையில் ஒரு கணினி பழுதானால், அதன் பங்கு வேறொன்றிடம் தரப்பட்டு மீண்டும் செய்யப்படும். அவ்வாறு செய்யும்போது ஒரே தொகை இருமுறை வரவாகிவிடாதபடி, ஒவ்வொரு பரிவர்த்தனையும் அதற்குரிய தனி எண்ணைக் கொண்டு சரிபார்க்கப்படல் வேண்டும்.

கடைமுனையிலும் இதே நெறி பொருந்தும். திரையில் ‘நிலுவையில்’ என்று தோன்றினால், பணம் சேரவில்லை என்று கருதி உடனே மறுமுறை செலுத்துதல் ஆகாது. சேர்ந்துவிட்டது என்று கருதிப் பொருளைக் கொடுத்தலும் ஆகாது. 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு முடிவை அறிதலே முறை. கணக்கில் பற்று எழுதப்பட்டும் கடைக்கு உறுதிச் செய்தி வராதுபோயின், பரிவர்த்தனை நாளையடுத்த 5 நாட்களுக்குள் தொகை தானே திரும்பவும் வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை வாடிக்கையாளர்க்கு அளித்துள்ள உரிமை இது.